ஆகமன காலம்

கார்த்திகை அகல்கள் திண்ணைகளில் ஒளிரும் நாட்களிலேயே, அரிமளம் முதலாகப் புதுக்கோட்டைச் சீமையின் ஊர்களில் கிறிஸ்தவர் குடியிருக்கும் வீட்டு வாசலிலே காகித நட்சத்திரம் ஒன்று மூங்கிற் கம்பின் உச்சியில் ஏறி விளக்கொளி பெறுவது வழக்கம். அதைக் காணும் அண்டை வீட்டார் கிறிஸ்துமஸ் பிறந்துவிட்டதாக எண்ணுவது இயல்பேயாயினும், ஆலயத்தினுள்ளே அச்சமயம் நடைபெறுவது பண்டிகைக்கு முற்பட்டதொரு விரதமேயாகும்.

சீர்திருத்த சபையார் ‘அட்வெந்து’ என்றும், கத்தோலிக்கர் முன்பு ‘ஆகமன காலம்’ என்றும் இப்போது ‘திருவருகைக் காலம்’ என்றும் வழங்கும் இந்த நான்கு வாரங்கள், புனித அந்திரேயாவின் திருநாளாகிய நவம்பர் 30-க்கு மிக அணித்தாகிய ஞாயிற்றுக்கிழமையில், அதாவது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடைப்பட்ட ஒரு நாளில், தொடங்குகின்றன. திருச்சபையின் வழிபாட்டு வருஷம் பிறப்பதும் அன்றே. ‘வருகை’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த ‘அட்வெந்து’ என்னும் பெயர் இரண்டு வருகைகளைக் குறிப்பது: கிறிஸ்து பெத்லகேமில் குழந்தையாய் வந்ததை நினைவுகூர்தல் ஒன்று; காலத்தின் முடிவில் நியாயாதிபதியாய் வரப்போவதை எதிர்நோக்குதல் மற்றொன்று. முதல் வாரங்களின் வாசகங்களில் இரண்டாவது வருகையின் கம்பீரமே மேலோங்கி நிற்பதும், பெத்லகேம் டிசம்பர் 17 முதலே நெருங்கி வருவதும் பலர் கவனியாத விசேஷம்.

தவக்காலத்தைப் போலவே குருவின் பூசை உடை ஊதா நிறம் பெறுகிறது. ஞாயிறுதோறும் முழங்கும் ‘உன்னதங்களிலே’ என்னும் மகிமைக் கீதம் மௌனமாகிவிடுகிறது. ஆடம்பரமான திருமணங்களைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெரும்பாலும் இந்நாட்களில் தவிர்த்தே வந்திருக்கின்றன. மூன்றாம் ஞாயிறு மட்டும், நெடுவழி நடந்தவன் தூரத்தே ஊர்க் கோபுரத்தைக் கண்டாற்போல, ரோஜா நிற உடையோடு மகிழ்ச்சிக்கு இடம் தருகிறது. பீடத்தருகே வாரத்துக்கொன்றாய் ஏற்றப்படும் நான்கு மெழுகுவர்த்திகள் 1839-ல் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர் இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்னும் போதகரின் ஏற்பாட்டிலிருந்து வந்தவை. பண்டிகை என்றைக்கு என்று ஓயாமல் வினவிய பிள்ளைகளுக்காக, வார நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் ஒரு சக்கரத்தில் வைத்து அவர் ஏற்றினாராம். காத்திருப்பதைக் கண்ணால் காணச் செய்த அந்த அன்பு என்னைப் பெரிதும் கவர்கிறது.

கார்த்திகையில் தொடங்கி மார்கழியில் முடியும் காலமாதலின், தமிழ்நாட்டில் இவ்விரதத்துக்குத் தனியொரு சுபாவம் அமைந்துவிட்டது. திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்கும் பனி விடியலிலேயே, பல ஊர்களில் கிறிஸ்தவர்களும் கீர்த்தனைகளைப் பாடிக்கொண்டு தெருக்களில் பவனி வருகிறார்கள். இருள் பிரியுமுன் எழுந்து தெய்வத்தைத் துதிக்க வேண்டும் என்னும் உணர்ச்சியை இம்மண்ணில் எவரும் அயலதாக எண்ணுவதில்லை. டிசம்பர் முதல் தேதியிலேயே விருந்தும் கேளிக்கையும் ஆரம்பித்து, இருபத்தைந்தாம் தேதிக்குள் எல்லாரும் சலித்துப் போகும் இக்கால வழக்கம் வேரூன்றி வருவதில் எனக்கு மெய்யாகவே துக்கமுண்டு. ஏனெனில் பசியில்லாதவனுக்கு அறுசுவையும் சுவைப்பதில்லை.

காத்திருத்தலுக்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை; புதுக்கோட்டைச் சீமையின் வடபுறத்தே, மதுரை மிஷனைச் சேர்ந்த பூஷே அடிகள் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தலமாய் வளர்த்த ஆவூர் இருக்கிறது. அங்கே பணிபுரிந்தோருள் வீரமாமுனிவரும் ஒருவர். அவர் 1726-ல் இயற்றிய ‘தேம்பாவணி’யில் காப்பியத் தலைவனாகத் தெரிந்தெடுத்தது, சுவிசேஷங்களில் ஒரு வார்த்தையேனும் பேசியதாக எழுதப்படாதவரும் இயேசுவின் வளர்ப்புத் தந்தையுமாகிய தச்சர் சூசையப்பரையே; ‘வளன்’ என்று அவருக்குத் தமிழ்ப் பெயரும் சூட்டினார். கனவில் தேவதூதன் சொன்னதை நம்பி, வாய் திறவாமல் தன் கடமையைச் செய்துகொண்டு காத்திருந்த அத்தச்சரைக் காட்டிலும் இக்காலத்துக்கு உரியவர் யார்?

கடைசி வாரத்தில் ஆலயங்களில் வைக்கோல் வேய்ந்த குடில் எழும்பும்போது, ஆடுமாடுகளின் சுரூபங்களோடு மரியாளுக்குப் பக்கத்தில் அவரும் கோலூன்றி நிற்பார். இருபத்துநான்காம் தேதி நள்ளிரவுப் பூசையில் குரு பாலன் சுரூபத்தை இரு கைகளிலும் ஏந்தி வந்து கிடத்தும் வரையில், சூசையப்பரின் பார்வை விழும் அந்தத் தீவனத் தொட்டியில் வைக்கோல் மாத்திரமே இருக்கும்.