பழைய இங்கிலீஷ் படத்துக்குக் காத்துக் கிடந்த அன்னூர் ரசிகர்கள்! கடைசி பஸ்சா, ரதப் பந்தயமா என்று தவிப்பு

அன்னூர்,
செல்போனைத் தட்டினால் எந்தப் படமும் ஓடும் காலம் இது. ஆனால் ஒரு பழைய ஹாலிவுட் படம் திரும்ப வருவதற்கு வருடக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் கோவை வட்டாரத்தில் உண்டு. அன்னூர்க்காரர்களும் அதில் அடக்கம்.

1970-களில் இங்கிலீஷ் படம் பார்க்க வேண்டும் என்றால் சத்தி ரோட்டில் பஸ் பிடித்து, கோவில்பாளையம், சரவணம்பட்டி தாண்டி சுமார் 30 கிலோ மீட்டர் கோவைக்குப் போயாக வேண்டும். திருச்சி ரோடு 'ரெயின்போ' தியேட்டர் ஆங்கிலப் படங்களுக்குப் பேர் போனது.

"ஏனுங்ணா, 'மெக்கன்னாஸ் கோல்டு' மறுக்கா வந்துருச்சாமா?"

டீக்கடையில் இப்படிப் பேச்சு கிளம்பினால் போதும். ஏற்கனவே 2 தடவை பார்த்தவரும் வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு கிளம்பி விடுவார்.

புதுப்படம் வரவில்லை

பழைய படங்களே சுற்றிச் சுற்றி வந்ததற்குக் காரணம் இருந்தது. அமெரிக்கப் படக் கம்பெனிகளுக்கும் இந்திய அரசுக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் 1971-ல் முடிந்தது. மறு ஒப்பந்தம் 1975-ல்தான் ஏற்பட்டது. இடையில் புதுப்பட வரத்து குறைந்து போனது. இருந்த பிரிண்டுகளே ஊர் ஊராகப் போயின. கோடு விழுந்த பிரிண்டுதான். யார் அதைப் பார்த்தார்கள்?

1969-ல் வெளியான 'மெக்கன்னாஸ் கோல்டு' அமெரிக்காவில் எடுபடவில்லை. இந்தியாவிலோ சக்கைப்போடு போட்டது. பாஷை தெரியாவிட்டாலும் கதை புரியும். தங்கப் பள்ளத்தாக்கு, சரிந்து விழும் மலை, கடைசியில் கிரிகரி பெக் ஏறிப் போகும் குதிரையின் பையில் தங்கம். அது அவருக்கே தெரியாது!

3½ மணி நேரம்

'பென்ஹர்' விவகாரம் வேறு. 1959-ல் வந்து 11 ஆஸ்கார் பரிசு வாங்கிய படம். முழுசாக ஓடினால் 3½ மணி நேரம். இரவுக் காட்சிக்கு உட்கார்ந்தால் ஊர் திரும்ப பஸ் கிடையாது. பாதியில் எழுந்து வரலாம் என்றாலோ ரதப் பந்தயம் பிற்பாதியில்தான் வருகிறது. வெளியூர்க்காரர்களுக்குக் காலைக்காட்சியும் மாட்னியும்தான் கதி.

கோவைக்கு இது புதுப் பழக்கம் அல்ல. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் 'வெரைட்டி ஹால்' கட்டி மௌனப் படம் காட்டிய ஊர் இது. பின்னாளில் 'டிலைட்' என்று பெயர் மாறிய அந்தத் தியேட்டர் 2023-ல் இடிக்கப்பட்டது. தெருவுக்கு மட்டும் வெரைட்டி ஹால் ரோடு என்ற பேர் நிற்கிறது.

தியேட்டர்கள் கைவிட்ட வேலையைப் பிற்காலத்தில் 'கோணங்கள்' திரைப்படக் கழகம் கையில் எடுத்தது. திருச்சி ரோடு பெர்க்ஸ் பள்ளி மினி தியேட்டரில் ஞாயிறு மாலை 5.45 மணிக்கு உலகப் படங்களையும் பழைய படங்களையும் திரையிட்டது. டிக்கெட் இருந்ததில்லை. என்ன படம், எந்த ஞாயிறு என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்தது.

அன்னூரில் இருந்து போனவர் மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே பஸ் ஏற வேண்டியிருந்தது. திரும்பி வர பஸ் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டியிருந்தது.