சாக்குத்துணியில் ஒரு பேரோவியம்

பெரும் ஓவியம் ஒன்றைத் தீட்டுவதற்கு உயர்தரமான துணி கட்டாயம் தேவையா? பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் பசிபிக் பெருங்கடலின் தஹிதித் தீவில் வாழ்ந்த காலத்தில், வண்ணங்களும், கித்தான் எனப்படும் ஓவியத் துணியும் தொலைதூரப் பிரான்சிலிருந்து கப்பலில் வந்துசேர வேண்டியிருந்ததால், சிக்கனம் அவருடைய ஓவியக்கூடத்தின் அன்றாட நியதியாக இருந்தது. நோயும் கடனும் வாட்ட, அன்பு மகள் இறந்த செய்தியும் கடிதத்தில் வந்துசேர்ந்த 1897ஆம் ஆண்டின் இறுதியில், தம் வாழ்நாளின் மிகப் பெரிய ஓவியத்தை, அதாவது பிறப்பு முதல் முதுமை வரையிலான மனித வாழ்வைத் தீவின் மக்களையும் மரங்களையும் கொண்டே சித்திரிக்கும் படைப்பை, அவர் முடிச்சுகளும் சுருக்கங்களும் நிறைந்த முரட்டுச் சாக்குத்துணியின் மீதே தீட்டினார். சணல் இழைகளால் தடிமனாக நெய்த அத்துணியின் சொரசொரப்பு வண்ணப் பூச்சின் ஊடாகவும் புலப்படுவதும், வழவழப்பான கித்தானில் கிட்டாத ஓர் உயிர்ப்பை அது படத்துக்குத் தருவதும் உண்மையிலேயே வியப்புக்குரியவை. ஏறத்தாழ 4 மீட்டர் அகலமுள்ள அந்தச் சாக்குத்துணி ஓவியம், இன்று அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.