பனிக்கடல் மீனுக்குக் காயம் பட்டால் என்ன ஆகும், தெரியுமா?

நம் கையில் கீறல் விழுந்தால் கிருமி புகுந்துவிடுமோ என்றுதான் பயப்படுவோம். அண்டார்க்டிகாவின் மக்மர்டோ கடற்பகுதி மீனுக்கு இன்னொரு எதிரியும் உண்டு: பனி! அங்கே கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸ். ஊசிமுனைக் காயம்கூடப் பனிக்கு வாசல்தான். அந்த வாசலை மீன் அடைக்கும் விதம் ஒவ்வொன்றும் அதிசயம்!

ஒரு பனித்துகள் ஒரு மீனையே கொன்றுவிடும், தெரியுமா?

கனடாவின் லாப்ரடார் கரையில் ஹெப்ரான் ஃபியோர்டு என்ற கடற்கழி. 1950-களில் ஷோலாண்டர் என்ற விஞ்ஞானி அங்கே ஆழத்து மீன்களை ஆராய்ந்தார். மைனஸ் 1.7 டிகிரியில் அவற்றின் ரத்தம் உறைந்திருக்க வேண்டும். ஆனால் ஜோராக நீந்தின! அதே குளிர்நீரில் பனிக்கட்டி அவற்றின் மேல் பட்டதோ இல்லையோ, உறைந்து செத்தன. ஆழத்தில் பனி இல்லாததால்தான் அதுவரை பிழைத்திருந்தன.

அப்படியானால் பனிக்கட்டிக்கு நடுவிலேயே குடியிருக்கும் அண்டார்க்டிக் மீன்கள்?

1960-களில் ஆர்தர் டிவ்ரீஸ் விடை கண்டார். அவற்றின் ரத்தத்தில் சர்க்கரை கோத்த ஒரு புரதம் ஓடுகிறது. உள்ளே புகுந்த பனித்துகளை அது ஒட்டிப் பிடித்து, மேற்கொண்டு வளரவிடாமல் தடுக்கிறது. பிடிபட்ட துகள்கள் மண்ணீரலில் போய்ச் சேருகின்றன. இன்னொரு வியப்பு: பனியை வளரவிடாத அதே புரதம், அதை எளிதில் உருகவும் விடுவதில்லை!

மீனின் தோல் கடைசி அடுக்கு வரை உயிருள்ளது, தெரியுமா?

நம் தோலின் மேற்பரப்பு இறந்த செல்களால் ஆனது. மீனுக்கோ வெளி அடுக்குச் செல்களும் உயிரோடு இருக்கின்றன. காயம் பட்டதும் பொருக்கு கட்டக் காத்திருப்பதில்லை. புதுச் செல் பிறக்கும்வரை பொறுப்பதும் இல்லை. சுற்றியுள்ள செல்கள் கைகோத்து, பாய் விரிப்பதுபோல் காயத்தின் மேல் நகர்ந்து மூடிவிடுகின்றன! விலங்குச் செல்களிலேயே வேகமாக ஊர்பவற்றில் கெரட்டோசைட்டுகள் எனப்படும் இந்தத் தோல் செல்களும் அடக்கம். அறை வெப்பத்தில் நிமிடத்துக்குத் தம் நீளம் அளவுக்கு ஊர்ந்துவிடும்.

கதவு சாத்தியாயிற்று, சுவர் எழும்ப எவ்வளவு நாள் தெரியுமா?

இங்கேதான் குளிர் தன் வேலையைக் காட்டுகிறது. மேல்தோல் மூடிய பிறகு, அடியில் புது இணைப்புத் திசு பின்னி, நிறமேறி, செதில் முளைக்க வேண்டும். 12 டிகிரி நீரில் இருக்கும் சால்மனைவிட 4 டிகிரியில் இருப்பதற்கு இதெல்லாம் வெகு தாமதம். அதனால்தான் மீன் வளர்ப்போர் நாளை மட்டும் எண்ணாமல், நாளையும் டிகிரியையும் பெருக்கிக் கணக்குப் போடுகிறார்கள். 10 நாள் என்பது 12 டிகிரியில் 120, 4 டிகிரியிலோ வெறும் 40! இந்தத் தாமதத்தில் நோயும் நுழையும். நார்வே சால்மன் பண்ணைகளில் குளிர்காலப் புண் உண்டாக்கும் மோரிடெல்லா விஸ்கோசா என்ற பாக்டீரியாவுக்குக் குளிர்தான் கொண்டாட்டம்.

மீனின் வழுவழுப்பே ஒரு மருந்துப்பெட்டி, தெரியுமா?

கையில் பிடித்தால் நழுவவைக்கும் அந்தக் கோழையில் கிருமியை அழிக்கும் பொருள்கள் நிறைந்திருக்கின்றன. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் விண்டர் ஃபிளவுண்டர் என்ற தட்டைமீனின் தோல் கோழையிலிருந்து 1997-இல் புளூரோசிடின் என்ற கிருமிக்கொல்லி பிரித்தெடுக்கப்பட்டது. வெறும் 25 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டி மூலக்கூறு! அதே மீனின் தோல், பனியைத் தடுக்கும் புரதத்தையும் தானே தயாரிக்கிறது. கிருமிக்கு ஒரு காவல், பனிக்கு ஒரு காவல், இரண்டும் ஒரே தோலில்!

மீன்தோல் மனிதப் புண்ணையும் ஆற்றுகிறது, தெரியுமா?

ஐஸ்லாந்தின் கெரெசிஸ் நிறுவனம் அட்லாண்டிக் காட் மீனின் தோலைச் செல் நீக்கிச் சுத்தம் செய்து, ஆறாத புண்களுக்கும் தீக்காயங்களுக்கும் வைத்துக்கட்டத் தருகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் இதற்கு அனுமதி தந்தது. நுண்துளைகள் நிறைந்த அந்தத் தோலுக்குள் நோயாளியின் செல்களே ஊர்ந்து சென்று குடியேறுகின்றன. மீனின் செல்கள் தம் காயத்தின் மேல் ஊர்ந்ததுபோலவே, இப்போது நம் செல்கள் மீன்தோலைப் பாதையாக்கி நம் காயத்தை மூடுகின்றன!