உங்களுக்குத் தெரியுமா? துப்பாக்கிக் குழலைத் தின்பது சூடு!

துப்பாக்கிக் குழல் தேய்வதற்குத் தோட்டாவின் உரசலைவிடப் பெரிய காரணம், வெடிமருந்து வாயுவின் வெக்கை. அதன் வெப்பம் 2,500 டிகிரி செல்சியஸை எட்டும். எஃகு உருக ஏறத்தாழ 1,500 டிகிரியே போதும்! ஆனாலும் குழல் உருகுவதில்லை. அந்தச் சூடு ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே நிற்கிறது. அதற்குள் உட்சுவரின் மெல்லிய மேற்பரப்பு மட்டும் சூடேறிக் குளிரும். இது தொடர்ந்து நடக்க, வற்றிய குளத்து மண்ணைப்போல நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. அடுத்து வரும் வாயு அந்த வெடிப்புகளின் துணுக்குகளைப் பெயர்த்துக்கொண்டு போகும். தோட்டா அறையைத் தாண்டி, தோட்டாவைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் தொடங்கும் இடம்தான் முதலில் பழுதாகும். பிறகு குறி தவறும்.

எத்தனை முறை சுட்டோம் என்பதோடு, எவ்வளவு வேகமாகச் சுட்டோம் என்பதும் முக்கியம். ஆற விட்டுச் சுட்டால் குழல் நீடிக்கும். அதனால்தான் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்கு மாற்றுக் குழலும் கூடவே போனது.

1966இல் நிறுவப்பட்ட திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாரான இன்சாஸ் ரைபிளின் குழலுக்குள், இந்தத் தேய்மானத்தைக் குறைக்க, குரோமியம் பூசப்பட்டிருக்கும். அது உருக 1,900 டிகிரி வேண்டும்.

பீரங்கிக்கும் இதே தொல்லைதான். அமரவிளையிலிருந்து களியக்காவிளை வழியாக நாகர்கோவில் சாலையில் போனால், தக்கலையைத் தாண்டி உதயகிரிக் கோட்டை வரும். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் தளபதி டிலனாய் 18ஆம் நூற்றாண்டில் பீரங்கி வார்த்த இடம் அது. அக்காலத்து வெண்கலப் பீரங்கிகளில், தீ வைக்கும் சிறு துளையே முதலில் அரித்து அகலமாகும்.