பல ஊர்களில் ஒரே கணக்கேடு

ஒரு வணிக நிலையத்தில் கணக்கேடு ஒன்றே ஒன்றாக இருக்கும்வரை அதில் முரண்பாடு தோன்ற இடமில்லை. எழுதுபவர் ஒருவர், எழுதப்படும் ஏடும் ஒன்று. ஆனால், அந்த ஏடு தீக்கிரையானால் யாவும் அழிந்துவிடுமே என்று அஞ்சி, அதற்கொரு பிரதியை வேற்றூரில் வைத்தோமாயின், அன்றே புதியதொரு கேள்வி பிறந்துவிடுகின்றது. இவ்விரண்டு ஏடுகளும் எக்கணத்திலும் ஒத்திருக்கும் என்பதற்கு உறுதி யாது? இக்காலத்துப் பெருநிறுவனங்கள் பலவற்றின் கணக்குகள் கணினிகளிலேயே பேணப்படுகின்றன. வெவ்வேறு நாடுகளிலுள்ள கணினிகளைப் பிணைத்து, அவற்றை ஒரே கணக்கேடுபோல இயங்கச் செய்வது எங்ஙனம் என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நன்று. ஒழுங்குபடுத்திச் சேமித்த தகவல்களின் தொகுதியைத் தரவுத்தளம் என்பர். அதன் பிரதியைத் தாங்கி நிற்கும் ஒவ்வொரு கணினியும் ஒரு கணு ஆகும். மேகக் கணிமை என்னும் பெயரைக் கேட்டு, வானத்தில் ஏதோ மிதக்கின்றது என எண்ணிவிடலாகாது. அது வாடகைக்கு விடப்படும் கணினிகள் நிறைந்த கட்டடங்களையே குறிக்கும். ஒன்றுக்கொன்று அண்மையிலுள்ள இத்தகைய கட்டடங்களின் கூட்டத்தைப் பிராந்தியம் என்று அழைக்கின்றனர்.

பிராந்தியங்களை இணைக்க வேண்டுமாயின் முதற்கண் வேண்டப்படுவது பாதையாகும். பொது இணையத்தின் வழியே செய்தியை அனுப்புவது ஒரு முறை. அவ்வாறாயின், இடையிலிருப்போர் எவரும் படிக்கவோ மாற்றவோ இயலாதவாறு செய்தியை மறைகுறியாக்கி அனுப்புதல் வேண்டும். மேகக் கணிமை நிறுவனம் தன் பிராந்தியங்களுக்கிடையே நடத்திவரும் தனி வலையமைப்பின் வழியே அனுப்புவது மற்றொரு முறை. இதில் தாமதம் பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும். எம்முறையைக் கைக்கொண்டாலும், கணுக்களின் முகவரிகளை முற்கூட்டியே வகுத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. இரண்டு பிராந்தியங்களிலும் ஒரே முகவரித் தொடரை வழங்கிவிட்டால், ஒரே இலக்கமுடைய இரண்டு வீடுகளுக்கு நடுவே நின்று தடுமாறும் தபாற்காரனின் நிலையே வலையமைப்புக்கும் ஏற்படும். மேலும், பேசவரும் கணு உண்மையான கணுதானா என்பதைச் சான்றிதழ் கொண்டு அறிந்த பின்னரே மற்றக் கணுக்கள் அதனோடு பேச வேண்டும்.

பாதை அமைந்துவிட்டது. ஆயினும் தூரம் மறைந்துவிடவில்லை. வெற்றிடத்தில் ஒளி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீற்றர் செல்கின்றது. செய்திகளைச் சுமந்து செல்லும் கண்ணாடி இழையிலோ அதன் வேகம் ஏறத்தாழ 200,000 கிலோமீற்றராகக் குறைந்துவிடுகின்றது. அதாவது, செக்கனின் ஆயிரத்திலொரு பங்காகிய ஒரு மில்லிசெக்கனில் அது கடப்பது 200 கிலோமீற்றர். இரு கணுக்களுக்கிடையே 4,000 கிலோமீற்றர் தூரம் இருக்குமாயின், செய்தி சென்று மறுமொழி திரும்புவதற்கு 40 மில்லிசெக்கனாவது ஆகும். வடங்கள் நேர்கோட்டில் செல்வதில்லை. ஆதலால் நடைமுறையில் இன்னும் கூடுதலாகவே ஆகும். எத்துணைப் பொருளைச் செலவிட்டாலும் இந்த எல்லையைத் தாண்ட இயலாது. இத்துறையின் சிக்கல்களிற் பலவும் இவ்வுண்மையிலிருந்தே கிளைக்கின்றன.

ஒருவருடைய சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபா இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அவர் அதை முழுவதும் எடுக்கின்றார். அருகிலுள்ள கணு அதனைப் பதிந்தவுடனே பணத்தைக் கொடுத்துவிட்டுத் தொலைவிலுள்ள கணுவுக்குப் பின்னர் அறிவிக்கலாம். இது விரைவானது. ஆனால், அந்த அறிவிப்புச் சேருமுன் இணைப்பு அறுந்துபோனால், மறுபுறத்து ஏட்டில் 10,000 ரூபா அப்படியே இருக்கும். அங்கும் அதை எடுக்கலாம். இவ்வாறன்றி, தொலைவிலுள்ள கணுவும் பதிந்துகொண்டேன் என்று சொல்லும்வரை காத்திருந்து பணத்தைக் கொடுக்கலாம். இதில் பிழை நேராது. எனினும் ஒவ்வொரு பதிவுக்கும் காத்திருத்தல் வேண்டும். அக்கணு பழுதுற்றால் வேலை முழுவதும் நின்றுவிடும்.

இவ்விரண்டுக்கும் நடுவே அறிஞர் கண்ட வழி பெரும்பான்மை வழியாகும். கணுக்கள் மூன்றாயின் இரண்டும், ஐந்தாயின் மூன்றும் இசைந்தாலே ஒரு பதிவு உறுதியாகும். இதன் நுட்பம் யாதெனில், மூவரில் எந்த இருவரைத் தெரிந்தாலும், பின்னர் வேறெந்த இருவரைத் தெரிந்தாலும், இரு குழுக்களிலும் ஒருவராவது பொதுவாக இருப்பர். ஆகவே, முந்திய முடிவை அறிந்த ஒருவரேனும் இல்லாமல் பிந்திய முடிவு எதுவும் எடுக்கப்படமாட்டாது. இம்முறையை வகுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான லெஸ்லி லம்போர்ட். உறுப்பினர் விரும்பியபோது வருவதும் போவதுமாக இருந்த ஒரு கற்பனைக் கிரேக்கத் தீவின் பாராளுமன்றத்தைக் கதையாகக் கூறி, அதன் வாயிலாக அவர் இம்முறையை விளக்கினார். 1990 இல் அனுப்பப்பட்ட அக்கட்டுரை 1998 இலேயே அச்சேறியது.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடமும் கிடைக்கின்றது. இரண்டு பிராந்தியங்கள் மட்டும் போதா. அவற்றுக்குள் ஒன்று மறைந்தால், எஞ்சிய பாதி பெரும்பான்மை ஆகாது. மூன்றாவது இடமொன்று அவசியம். மூன்று கணுக்களில், தலைமைக் கணுவுக்குத் தன்னையன்றி இன்னுமொன்றின் இசைவே போதுமாதலால், அண்மையிலுள்ள கணுவின் தூரமே தாமதத்தைத் தீர்மானிக்கும். மிகத் தொலைவிலுள்ளதன் தூரமன்று.

இவ்விதியை அரைகுறையாகக் கைக்கொண்டால் நேர்வது என்ன என்பதை 2018 ஆம் ஆண்டு ஒற்றோபர் 21 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த சம்பவம் தெளிவாகக் காட்டுகின்றது. கணினி நிரல் எழுதுவோர் தம் படைப்புகளைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் என்னும் நிறுவனத்தில், பழுதுற்ற ஒளியியற் கருவியொன்றை மாற்றும்போது, கிழக்குக் கரையிலிருந்த முதன்மைத் தரவு நிலையத்துக்கும் வலையமைப்புக்கும் இடையிலான தொடர்பு அறுந்தது. அறுந்திருந்த காலம் 43 செக்கன் மாத்திரமே. அதற்குள், மேற்குக் கரையிலும் பிறிதோரிடத்திலும் இருந்த மேற்பார்வைக் கணுக்கள் பெரும்பான்மையாகக் கூடி, கிழக்கு வீழ்ந்துவிட்டது எனத் தீர்மானித்து, மேற்கிலுள்ள தரவுத்தளங்களைத் தலைமைக்கு உயர்த்திவிட்டன. ஆனால், கிழக்கில் கடைசியாக எழுதப்பட்ட சில பதிவுகள் மேற்குக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. தொடர்பு மீண்டதும் புதிய பதிவுகள் மேற்கில் ஏறலாயின. இரு கரைகளிலும் மற்றதில் இல்லாத பதிவுகள். எதைத் தள்ளுவது, எதைக் கொள்வது?

தலைவரைத் தெரியும்போது பெரும்பான்மை கேட்கப்பட்டது. பதிவுகளை எழுதும்போது கரை கடந்த இசைவு கேட்கப்படவில்லை. குறை இங்கேதான் இருந்தது. அந்நிறுவனத்தினர், சேவை தாமதமானாலும் ஒரு பதிவையும் இழக்கலாகாது என்று துணிந்து, காப்புப் பிரதிகளிலிருந்து ஏடுகளை மீட்டு ஒப்பிட்டுச் சரிசெய்தனர். சேவை முழுமையாகச் சீரடைவதற்கு 24 மணி 11 நிமிடம் சென்றது. மிகுந்த வேலையுள்ள தரவுத்தளத் தொகுதிகளுள் ஒன்றில் ஒப்பிட்டு ஆராயவேண்டியிருந்த பதிவுகள் 954 எனப் பின்னர் அவர்களே வெளியிட்டனர்.

இணைப்பு அறுந்த வேளையில், ஒரு கணு பொறுத்திருங்கள் என்று சொல்ல வேண்டும். அல்லது முரண்பாடு நேரக்கூடும் என்று தெரிந்தே எழுத வேண்டும். மூன்றாவது வழி இல்லை. எரிக் புரூவர் 2000 ஆம் ஆண்டில் இக்கருத்தை முன்வைத்தார். சேத் கில்பேட்டும் நான்சி லிஞ்சும் 2002 இல் அதனைக் கணித முறையில் நிறுவினர்.

எனவே, பிராந்தியங்களை இணைக்க முற்படுவோர் வடத்தைப் பற்றி எண்ணுவதற்கு முன்னரே தம் கணக்கின் தன்மையைப் பற்றி எண்ணுதல் வேண்டும். பணத்தின் இருப்பைக் காட்டும் ஏடாயின் காத்திருப்பதே முறை. ஒரு பக்கத்தை எத்தனை பேர் பார்த்தனர் என்னும் எண்ணிக்கையாயின், சிறிது நேரம் வேறுபட்டுப் பின் ஒத்துப்போனாலும் கேடில்லை. இத்தீர்மானத்தை அமைதியான நாளிலேயே செய்து, வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்துச் சோதித்தும் பார்த்துவிட வேண்டும். வடம் அறுந்த பின்னர் இயந்திரம் யாரையும் கலந்தாலோசிப்பதில்லை; முன்னர் எழுதிவைத்த விதியையே அது நிறைவேற்றும்.