செவிக்கும் எட்ட வேண்டிய தமிழ்

தமிழ் இலக்கண மரபில் எழுத்து என்னும் சொல் ஒலிவடிவம், வரிவடிவம் ஆகிய இரண்டையும் குறிக்கும். அச்சேட்டைக் கண்ணால் படிப்போர்க்கு வரிவடிவமே போதும். இணையப் பக்கத்தை நாடிவரும் பார்வையற்ற மாணவர்க்கோ அவ்வரிவடிவம் மீண்டும் ஒலியாதல் வேண்டும். அப்பணியைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் செய்கிறது. அது செவ்வனே இயங்குவதும் இயங்காததும் பக்கத்தை ஆக்கிய நம்மைப் பொறுத்தது.

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் (சட்டம் 685), தன் 30ஆம் பிரிவில், தகவல், தொடர்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றைப் பிறர்க்கு நிகராகப் பெறும் உரிமையை அவர்களுக்கு வழங்குகிறது. இந்நாடு 2010இல் ஏற்புறுதி அளித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 9ஆம் உறுப்பும் இணையத்தைப் பெயர் சுட்டியே கூறுகிறது. எனினும், இயற்றப்பட்ட காலத்தில் அச்சட்டம் மீறுவோர்க்குத் தண்டனை எதனையும் வகுக்கவில்லை. ஆகவே அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடாமல் காப்பதில் ஆசிரியர்க்கும் பெரும்பங்கு உண்டு.

இணைய அணுகலுக்கெனப் பன்னாட்டளவில் வழிகாட்டு நெறிகள் உள்ளன. பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்னும் ஒளிவேறுபாடு, சுட்டியின்றி விசைப்பலகையாலேயே இயக்கும் வசதி, காணொளிக்கு எழுத்துரை ஆகியன அவற்றுட் சில. தமிழுக்கு இன்றியமையாதவை என நாம் கருதுவன மூன்று.

முதலாவது, எழுத்து எழுத்தாகவே இருத்தல். தேர்வு அட்டவணையைச் சுவரொட்டியாக வரைந்து படமாக மட்டும் ஏற்றினால், அதிலுள்ள நாளும் நேரமும் திரைவாசிப்பானுக்கு எட்டாமற்போகலாம். படத்தோடு அதே செய்தியை எழுத்திலும் தருதல் வேண்டும்.

இரண்டாவது, ஒருங்குறியில் எழுதுதல். பழைய எழுத்துருக்கள் பல, ரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தின. கண் தமிழைக் காணும். மென்பொருளோ பொருளற்ற ரோமன் எழுத்துகளைப் படிக்கும். அவற்றில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண் காணும் வரிசையில் அமைந்தது. ஒருங்குறியில் ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னும் நிற்கின்றன. மெய் முன்னர், உயிர் பின்னர் ஒலிக்கும் என்னும் உயிர்மெய் இலக்கணத்துக்கு இதுவே இயைந்தது.

மூன்றாவது, மொழியை அறிவித்தல். பக்கத்தின் மொழி தமிழ் என மூலக்குறியீட்டில் குறித்தல் வேண்டும். இடையே மலாய்த் தொடர் வரின் அதனையும் தனியே குறித்தல் வேண்டும். இன்றேல் தமிழை வேற்றுமொழிக் குரல் ஒலிக்க முயன்று இடர்ப்படும்.

இவற்றுள் முதலிரண்டையும் சோதித்தறிய எளிய வழி உண்டு. உங்கள் பள்ளியின் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தெரிவுசெய்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். தெரிவுசெய்யவே இயலாவிடின் அது படமாக இருக்கலாம். ரோமன் எழுத்துகளாக விழுந்தால் பழைய எழுத்துரு. இரண்டையும் திருத்திவிட்டால், தேர்வு நாளைப் பார்வையற்ற மாணவர் பிறரைக் கேட்டறிய வேண்டியதில்லை, தாமே அறிந்துகொள்வார்.