சிரிப்பு மரபணுக்களும் மார்பகப் புற்றுநோயும்

‘என் அக்காவுக்கு மார்பகக் கட்டியை அகற்றிவிட்டார்கள். கீமோ தேவையா என்று பார்க்க 21 மரபணுச் சோதனை ஒன்று இருக்கிறதாம். இன்னொன்றில் 70 மரபணுக்களாம். அதுதானே கூடுதல் துல்லியம்?’ என்று வாசகி ஒருவர் கேட்கிறார். இல்லை. எண்ணிக்கை கூடியதாலேயே துல்லியம் கூடிவிடாது.

வரலாறு சுருக்கமாக. 2002இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், உறைய வைத்த கட்டிகளில் ஏறத்தாழ 25,000 மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து 70ஐப் பொறுக்கினார்கள். அதுவே ‘மம்மாபிரிண்ட்’. 2004இல் அமெரிக்காவில் ‘ஆன்கோடைப்’ வந்தது. அதன் 21இல் புற்றுநோய் பற்றிப் பேசுபவை 16தான். மற்ற 5 ஒப்பீட்டுக்கு. 2005இல் ராட்டர்டாமிலிருந்து 76 மரபணுக்களின் பட்டியல்.

ஒரே நாட்டில், ஒரே நோய்க்கு எடுத்த அந்த 70க்கும் 76க்கும் பொதுவாக இருந்த மரபணுக்கள் மூன்றே மூன்று. ஆனாலும் நோய் திரும்புமா என்பதை இரண்டுமே ஓரளவு முன்கூட்டிச் சொல்லின. எப்படி?

2011இல் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் டேவிட் வெனே, ஜாக் துமோன், வன்சான் தெதூர் மூவரும் செய்த சோதனையை நான் பலமுறை வியந்து படித்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகு சிரித்தவர்களின் ரத்த அணுக்களில் மாறிய மரபணுக்களை எடுத்துக்கொண்டார்கள். மார்பகத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தப் பட்டியலும் மார்பகப் புற்றுநோயாளிகளின் ஆயுளோடு பொருந்தியது! பிறகு கண்ணை மூடிக்கொண்டு எடுத்த பட்டியல்களைச் சோதித்தார்கள். நூறு மரபணுக்களுக்கு மேல் இருந்தால் பத்தில் ஒன்பது பட்டியல்கள் பொருந்தின. அதுவரை வெளியாகியிருந்த 47 பட்டியல்களில் 28, இந்தக் குருட்டுப் பட்டியல்களைவிடக் குறிப்பிடும்படி மேலானவையாக இல்லை.

காரணம், நோயின் போக்கோடு சேர்ந்தே போகும் செல் பிரிதல் வேகம். பிரியப்போகும் செல் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் இரட்டிப்பாக்க வேண்டும். டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி வழுக்கி விழாமல் பிடித்துக்கொள்ளும் பிசிஎன்ஏ என்ற வளையப் புரதம் வேண்டும்; குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கயிறுகள் வேண்டும்; இத்தனைக்கும் தீனி வேண்டும். இவற்றுக்கான மரபணுக்கள் தனித்தனியாக விழிப்பதில்லை, கூட்டமாக எழுகின்றன. வேறு பல அதே நேரத்தில் அடங்குகின்றன. மார்பகக் கட்டியில் அளக்கப்படும் மரபணுக்களில் பாதிக்கு மேல் இந்தப் பிரிதல் வேகத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன.

கல்யாண வீட்டுக்குக் கூட்டம் எவ்வளவு வந்தது என்று அறிய ஆட்களை எண்ணவேண்டியதில்லை. ஒருவர் வாசல் செருப்பை எண்ணுவார், இன்னொருவர் எச்சில் இலையை. இரண்டு பட்டியலிலும் ஒரு பொருள்கூடப் பொதுவாக இராது, விடை ஒன்றாகவே வரும். பால் கேன், தாம்பூலப் பை, தெருமுனையில் நிற்கும் பைக், பந்தலைச் சுற்றும் நாய் என்று கைக்கு வந்ததை எண்ணினாலும் வரும். ஆனால் கூட்டத்தை வரவழைத்தது செருப்பு அல்ல. சாவு வீட்டு வாசலிலும் செருப்பு குவியும். ஒரு மரபணு நோயின் போக்கோடு பொருந்துகிறது என்பதால் அதுதான் நோயை நடத்துகிறது என்று சொல்லிவிட முடியாது. ‘புற்றுநோயின் ரகசிய மரபணு கண்டுபிடிப்பு’ என்ற தலைப்புகளில் பெரும்பாலானவை செருப்பெண்ணிக்கைதான். பிரஸ்ஸல்ஸ் குழு பிரிதல் வேகத்தைக் கணக்கிலிருந்து நீக்கியபோது, பட்டியல்களின் ஆற்றலில் பெரும்பகுதி அதோடு போய்விட்டது.

அப்படியானால் இந்தச் சோதனைகள் வீணா? நிச்சயமாக இல்லை. அவற்றுக்கு மதிப்பைத் தந்தவை பட்டியல்கள் அல்ல, பிறகு நடந்த பெரிய மருத்துவ ஆய்வுகள். ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்2 புரதம் மிகையாக இல்லாத, நிணநீர்க் கணுவுக்குப் பரவாத கட்டி கொண்டவர்களிடம் ஆன்கோடைப்பைச் சோதித்த ‘டெய்லர்எக்ஸ்’ ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. நோய் திரும்பும் வாய்ப்புக்கு அந்தச் சோதனை தரும் மதிப்பெண் 11 முதல் 25 வரை இருந்த 6,711 பெண்களில் குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டும், மறுபாதிக்குக் கீமோவும் சேர்த்து. ஒன்பது ஆண்டுகளில் புற்றுநோய் மீண்டும் அண்டாமல் உயிரோடிருந்தோர் முதல் பிரிவில் 83.3 சதவீதம், இரண்டாவதில் 84.3. முடி கொட்டி, வாய் புண்ணாகி, வேலைக்குப் போகமுடியாமல் கிடக்கும் மாதங்கள் எத்தனையோ பெண்களுக்குத் தேவையில்லை என்று இந்தச் சிறு வித்தியாசம் காட்டியது. புதிய பட்டியலோடு எந்த நிறுவனம் வந்தாலும் இப்படி ஓர் ஆய்வு உண்டா என்றுதான் கேட்கவேண்டும்.

வாசகி அக்காவின் வயதை எழுதவில்லை. அது முக்கியம். 50 வயதும் அதற்குக் குறைவாகவும் உள்ளவர்களில் மதிப்பெண் 16 முதல் 25 வரை இருந்தவர்களுக்குக் கீமோ கொஞ்சம் பயன் தந்தது. கீமோ கட்டிச் செல்களைக் கொன்றதாலா, சினைப்பையை ஓயவைத்து ஹார்மோனைக் குறைத்ததாலா என்பது இன்னும் தீரவில்லை. இரண்டாவதுதான் காரணம் என்றால், சினைப்பையை ஓயவைக்கும் ஊசியே போதும். அதைச் சோதிக்கும் ஆய்வு தொடங்கியிருக்கிறது.